அசைந்தால் விடாதது, இழுத்தால் விடுவது

சிடுசிடுவென்று ஒரு சத்தம். சூடான எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலை விழுந்தால் வருமே, அதுபோல. ஆனால் அடுப்பை அணைத்து ஒரு மணி நேரமாகிறது, சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. டெல்பின் பேனாவைக் கீழே வைக்காமல் அப்படியே தூக்கிப் பிடித்தபடி காது கொடுத்தாள். நின்றுவிட்டது. மணி எட்டு இருபது. சன்னலுக்கு வெளியே நன்றாக இருட்டிவிட்டது; சின்னவேடம்பட்டியில் இந்தச் சந்துக்கு மட்டும் இன்னும் தெருவிளக்கு வரவில்லை. பல்லியா? பல்லி இப்படிச் சொல்லாது. எலி என்றால் பிறாண்டும். யாரோ கதவை உரசிப் பார்த்தார்களா? உரசினால் இந்தச் சத்தம் வருமா, எதை எதோடு உரசினால் வரும், மரத்தையும் இரும்பையுமா, இரும்பையும் சிமென்டையுமா என்று புத்தி பாட்டுக்கு ஆராயப் போய்விட்டது. பயந்தவள் செய்கிற காரியமா இது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான், பயமும் ஆராய்ச்சியும் ஒரே நேரத்தில் கிளம்பும், ஆராய்ச்சி கொஞ்சம் முந்திக்கொள்ளும். உள்ளறையில் பிள்ளை தூங்குகிறாள், ஏழு மாதத்து இசபெல், வாய் லேசாகத் திறந்து, ஒரு கை தலைக்குமேல். மாடி வீட்டின் முன்கதவு சாத்தித்தான் இருக்கிறது. சாத்தி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அண்டக்கொடுத்து, நாற்காலியில் ஒரு எவர்சில்வர் குடத்தை வைத்திருக்கிறாள். வெளியே போனால் பூட்டுவதற்கு நாதாங்கி இருக்கிறது. உள்ளே இருந்தால் போடுவதற்குத் தாழ்ப்பாள் ஒன்றுதான். அதைத்தான் அவள் போடவில்லை.

போடமுடியவில்லை என்று சொன்னால் சரியாக இருக்கும். இசபெல் பிறந்த ஒன்பதாம் நாள், தூத்துக்குடியில் அம்மா வீட்டில், குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, வாளியில் தண்ணீர் விழுந்த சத்தம் ஞாபகம் இருக்கிறது, பிறகு ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கூரைதான். இடையில் நடந்ததைக் கணவன் கஸ்பார் சொல்லித்தான் தெரியும். வலிப்பு. பிரசவத்தோடு ஏறிய இரத்த அழுத்தம் இறங்காமல் நின்று, அப்படிச் சிலருக்கு வருமாம். பழைய தேக்குக் கதவு, விரல்கனத் தாழ்ப்பாள், கஸ்பாரும் பக்கத்து வீட்டு ஆட்களும் கடப்பாரை போட்டுத் திறப்பதற்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்றாம். பன்னிரண்டு நிமிஷமும் பிள்ளை கட்டிலில் தனியாகக் கிடந்து கத்தியிருக்கிறாள். இனிமேல் வராது, அது பிரசவத்தோடு போயிற்று, மாத்திரையையும் நிறுத்திவிடலாம் என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டார். டாக்டரம்மா சொன்னது மூளைக்குப் போய்ச் சேர்ந்தது, கைக்கு இன்னும் சேரவில்லை. தாழ்ப்பாள்மேல் கை போனதும் வாளியில் தண்ணீர் விழுகிறது. கஸ்பார் வீட்டில் இருந்தால் அவன் போடுவான், அவள் கேட்காததுபோலத் திரும்பிக்கொள்வாள். இன்றுதான் முதல் தடவையாக அவன் இல்லை. ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு காற்றாலையில் ஏறி வேலை, இரண்டு ராத்திரி. போட்டால், தனக்கு ஏதாவது ஆனால் பிள்ளையிடம் வர ஒருவருக்கும் வழியில்லை. போடாவிட்டால் வழியில் போகிறவன் எல்லாருக்கும் வழி. அவள் படித்த கான்வென்ட் விடுதியில் எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாளே கிடையாது, எல்லாவற்றையும் கழற்றி, ஸ்க்ரூ போட்ட ஓட்டைகளை மெழுகால் அடைத்திருந்தார்கள். ஆடை மாற்றும்போது ஒருத்தி கதவில் சாய்ந்து நிற்கவேண்டும், முறை வைத்து. "உள்ளே தாழ்ப்பாள் போடுகிற பிள்ளைக்கு ஒளிக்க ஏதோ இருக்கிறது" என்பார் ஸ்கொலாஸ்டிகா சிஸ்டர். எட்டு வருஷம். எட்டு வருஷம் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் நன்றாகத்தான் தூங்கினாள். அங்கே எழுபது பேர் தூங்கினார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, மேசை. நாளைக் காலை ஒன்பது மணிக்குள் ஆபீசில் வெங்கடபதி சாருக்கு ஒரு பெயர் எழுதி அனுப்பவேண்டும், சார்ஜர் ஒயரின் முனையில் மாட்டுகிற ஒரே ஒரு கனெக்டரின் பெயர். மூன்று சாம்பிள்கள் எதிரே கிடக்கின்றன, பிள்ளை எட்டாத தூரத்தில் வைத்துப் பழகியதால் மேசையின் நட்டநடுவில். அவள் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி மில்களுக்கு ரோபோ வண்டி செய்கிறது. ஓட்டுநர் இல்லாமல் தானாகவே நூல் கோன் தள்ளுவண்டிகளை இழுத்துப் போகும், பேட்டரி இறங்கினால் சுவரோரம் போய் நிற்கும், யாராவது சார்ஜர் ஒயரை மாட்டவேண்டும், நிறைந்ததும் கழற்றவேண்டும். அன்னூர்ப் பக்கத்து மில்லில் அதற்கு எருமை என்று பெயர் வைத்துவிட்டார்கள். நடுவழியில் நின்றால் நகராதாம். "எரும வருது, ஒதுங்குங்கடி" என்று ஒருத்தி கத்த, நாற்பது பேர் சிரிக்க, அது விளக்கைச் சிமிட்டிக்கொண்டு மெதுவாக வந்ததைப் பார்த்தபோது டெல்பினுக்குப் பெருமையாக இருந்தது, தன் பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல. அந்த எருமைக்கு மாட்டும் கனெக்டரைப் பிரசவ விடுப்புக்கு முன்னால் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான். முதல் சாம்பிள், கறுப்பு, மேலே நீலக் கொக்கி. மாட்டிக் கொக்கியை மடக்கினால் நூறு கிலோ இழுத்தாலும் வராது, தண்ணீர் புகாது, தூசி புகாது. எத்தனை ஆசையாக எழுதினாள் அன்றைக்கு, இரண்டு பக்கம், அடிக்கோடெல்லாம் போட்டு. தூசி புகாது என்பது மாட்டியிருக்கும்போது மட்டும்தான் என்பதைக் கவனிக்காமல். மில்லில் அது பாதிநாள் வாயைத் திறந்துகொண்டு தொங்கும், பஞ்சு போய் உட்காரும், காகிதத்தில் பஞ்சு கிடையாது.

கொக்கி அதைவிட மோசம். போன மாதம் போய்ப் பார்த்தபோது நீலக் கொக்கியை யாரோ நூலால் மேலே தூக்கிக் கட்டி வைத்திருந்தார்கள், மடங்கவே மடங்காதபடி, அழகான முடிச்சு, பூக்காரி போடுவது போல. யார் கட்டியது என்று கேட்டால் எல்லாரும் எருமையைப் பார்த்தார்கள். கடைசியில் பாண்டீஸ்வரி என்கிற பெண்தான் முன்னால் வந்தாள். "மேடம், ஒரு கையில கோன் மூட்டை இருக்கும். ஒரு கைதான் மிச்சம். உங்க கொக்கியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இழுக்கணும்னா மூணாவது கை வேணும். கம்பெனியில கனெக்டரோட சேர்த்து அதையும் கொடுத்துட்டா கட்ட மாட்டோம்." டெல்பினும் சிரித்துவிட்டாள். ஆனால் போன வியாழக்கிழமை நடந்தது சிரிப்பு இல்லை. புதிதாக வந்த ஒரு பெண், சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்து, நூலை அவிழ்த்து, டெல்பின் எழுதியபடியே கொக்கியை மடக்கிப் பூட்டினாள். 'நான் சார்ஜில் இருக்கிறேன், நகரக்கூடாது' என்று வண்டிக்குச் சொல்கிற மெல்லிய ஊசி அதற்குள் தேய்ந்து போயிருந்தது. வண்டிக்குத் தெரியவில்லை. அடுத்த வரிசையில் அதைக் கூப்பிட்டார்கள், கிளம்பிவிட்டது. பூட்டு விடவில்லை. ஒயர்தான் அறுந்தது, அறுந்த இடத்தில் பொறி, தரையில் கிடந்த பஞ்சு ஒரு முழம் பற்றித் தானே அணைந்தது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அந்தக் கருகிய வாடையை அவள் வீடு வரைக்கும் கொண்டுவந்தாள். தன் பேச்சை அப்படியே கேட்ட ஒரே பெண், அவள் மாட்டிய இடத்தில்தான் பொறி. ஊசி எப்படித் தேய்ந்தது? அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள், கறுப்பாகப் பொடி, மைப்பொடி மாதிரி. மாட்டியபடியே இருந்தாலும் மில்லின் அதிர்வில் உலோகம் உலோகத்தோடு முடியளவு அசைந்து அசைந்து தன்னைத்தானே தின்றுவிட்டது. எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் உள்ளே அசைவு இருக்கிறது. அது தெரிந்த அன்றைக்கு, வெட்கத்துக்கு நடுவே, அவளுக்கு ஒரு குறுகுறுப்பும் வந்ததை யாரிடம் சொல்வது.

இரண்டாவது சாம்பிளுக்குப் பூட்டே கிடையாது, இரண்டு முகமும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் வந்துவிடும். இன்று மத்தியானம் அதைத் துணி துவைக்கும் மெஷினின் மூடியில் டேப் போட்டு ஒட்டி, பிழிகிற சுற்று முழுவதும் ஓடவிட்டாள். மெஷின் குதிக்கக் குதிக்கப் பிள்ளைக்கு ஒரே சிரிப்பு, கையைத் தட்டத் தெரியாமல் தொடையில் தட்டினாள். முடிந்ததும் அளந்து பார்த்தால் இரண்டு மில்லிமீட்டர் வெளியே நகர்ந்திருந்தது. அவ்வளவுதான், அது வேண்டாம், முழுசாகக் கழன்று விழுந்தாலாவது தெரியும், பாதியில் தொங்குவதுதான் ஆபத்து. மூன்றாவதில் கொக்கி இல்லை, உள்ளே ஒரு வரிப்பள்ளம், அதில் வில்லால் தள்ளப்பட்ட நாலு சின்ன எஃகுக் குண்டுகள் போய் உட்காரும். மெஷினில் நூலிழை நகரவில்லை. மேசைக்காலில் கட்டி, ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசை மாட்டி இழுத்தாள். ஆறு கிலோ, எட்டு, பத்து, ஒன்றும் இல்லை. பதினொன்றில் டப்பென்று கையோடு வந்துவிட்டது, மறுபடி இழுத்தால் மறுபடி பதினொன்றில், ஏழு தடவையும். அதுவும் மெல்லிய ஊசி குட்டையாக இருப்பதால் முதலில் அதுதான் விடும், விட்டதும் சார்ஜர் மின்சாரத்தை நிறுத்தும், பெரிய ஊசிகள் பிரிகிறபோது அவற்றில் ஒன்றும் ஓடாது, பொறிக்கு வேலை இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பேனா அதன் பெயரை எழுத மாட்டேன் என்கிறது. விடுகிற பூட்டு ஒரு பூட்டா? இழுத்தால் வந்துவிடும் என்று தெரிந்த ஒன்றை நம்பி எப்படிக் கையெழுத்துப் போடுவது? நூறு கிலோவை நம்பினாள், அது அறுத்தது. பதினோரு கிலோவை நம்பினால்? இடையில் எத்தனை கிலோவில் நம்பிக்கை வரும், பதினைந்திலா, முப்பதிலா, நம்பிக்கைக்குத் தராசில் எண் உண்டா என்று யோசித்துக்கொண்டே நோட்டின் ஓரத்தில், கான்வென்ட்டில் பழக்கிய சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம், குண்டு குண்டாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

போன் அதிர்ந்ததில் எஃகுக் குண்டுபோல அவளே துள்ளினாள். கஸ்பார். "ஏட்டி, பிள்ள தூங்கிட்டாளா?" "தூங்கிட்டா." "நீ?" "நானும் தூங்கிட்டேதான் பேசுறேன்." அவன் சிரித்தான், பின்னால் காற்று, ஓவென்று, கடல் மாதிரி. "தாழ்ப்பாப் போட்டியா?" அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "டெல்பி." "நாற்காலி போட்டிருக்கேன். குடம் வச்சிருக்கேன்." "நாற்காலியும் போட்டுத் தண்ணிக் குடமும் வச்சிருக்கியா? வர்றவன் உக்காந்து தாகம் தீத்துட்டுப் போவான். முறுக்கு எதுவும் வைக்கலியா?" "போங்க அங்கிட்டு." "விளையாட்டு இல்லடி. நீ போடாம நான் எப்படித் தூங்க?" "போட்டா நீங்க எப்படி உள்ள வருவீங்க?" "நான் ஆண்டிபட்டியில இருக்கேன்." "அதத்தான் நானும் சொல்றேன்." கீழ்வீட்டு அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வையேன் என்றான் கடைசியாக. அம்மா சொல்லியிருக்கிறாளே, வலிப்பு என்று வெளியே மூச்சுவிடாதே, வாடகைக்கு இருக்கிற வீடு, நாளைக்கு உன் கையில் பிள்ளையை விட்டதே தப்பு என்பார்கள் என்று. அதை அவனிடம் சொல்லவில்லை. "பாக்கேன்" என்றாள். போனை வைத்ததும் வீடு இன்னும் பெரிதாகிவிட்டது.

அப்போது மறுபடி. சிடுசிடு. இந்தத் தடவை நிற்கவில்லை, விட்டு விட்டு, சிடு, சிடுசிடு, சிடு. காவல் சம்மனசே என்று காவல் தூதரைக் கூப்பிடும் ஜெபத்தை உதடு தொடங்கியது, காது அதைக் கேட்காமல் எண்ணத் தொடங்கியது. சீராக வரவில்லை. ஆள் உரசினால் ஒரு சீர் இருக்கும், பூச்சி என்றால் இன்னும் சீராக இருக்கும், இதற்குச் சீரே இல்லை, ஏதோ ஒன்று எட்ட முயன்று, எட்டி, விட்டு, மறுபடி எட்டுகிற மாதிரி. கதவின் அடி இடுக்கில் வாடை. மெலிதாக, ஆனால் அந்த வாடையை ஒரு வாரமாக அவள் மூக்கில் வைத்திருக்கிறாள். வியாழக்கிழமை வாடை. அவ்வளவுதான், கதவுக்குப் பின்னால் நின்ற ஆள் மறைந்து போனான், அந்த இடத்தில் இரண்டு உலோகம் வந்து நின்றது, முழுசாகத் தொடாமலும் முழுசாக விடாமலும், நடுவே மின்சாரம் தாவிக்கொண்டு. மாடிப்படிக்கு அடியில் கீழ்வீட்டுக்காரம்மா துளசிமணி தன் மின்சார ஸ்கூட்டரைச் சார்ஜ் போடுவார். படிக்கு அடியிலேயே பழைய செய்தித்தாள் கட்டு, தேங்காய் மட்டை. பிள்ளையை விட்டுப் போவதா, தூக்கிப் போவதா? கால் அதற்குள் உள்ளறைக்குப் போய்விட்டது. தூங்குகிறவளைத் தோளில் போட்டு, குடத்தை இறக்கி, நாற்காலியைக் காலால் தள்ளி, இருட்டில் பதினெட்டுப் படி. எந்தப் படியில் யார் நிற்பார்கள் என்று நினைக்க மறந்து போயிற்று. ஆமாம், பிளக் சுவரிலிருந்து பாதி வெளியே, தலை கவிழ்ந்து, இடுக்கில் நீலமாக ஒரு பொட்டு துடித்துக்கொண்டிருந்தது. பார்க்க அழகாகவும் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பிடுங்கக்கூடாது. முதலில் சுவிட்ச். டக். பொட்டு செத்தது. பிறகுதான் பிளக்கைத் தொட்டாள், ஒரு கால் கறுத்து, பிளாஸ்டிக் மெழுகாக வழிந்திருந்தது.

துளசிமணி கதவைத் திறந்தபோது வாயில் வெற்றிலை. "ஏங் கண்ணு, இந்நேரத்துல கொழந்தயத் தூக்கிட்டு?" டெல்பின் பிளக்கை நீட்டினாள். "அய்யோ சாமி! சாயங்காலம் வண்டிய ரண்டடி முன்னால தள்ளி வெச்சேன், ஒயரு இழுத்துருச்சாட்ட இருக்குது. அப்பவே சிடுசிடுன்னுச்சு, நானு சிள்வண்டுன்னு நெனச்சுப் பேசாம இருந்துட்டேன்." "சிள்வண்டு வாடை அடிக்காதுக்கா." "அதுஞ் செரிதான்" என்று அவர் பிளக்கை மோந்து பார்த்து முகம் சுளித்தார். "நீ எப்படிக் கண்டுபுடிச்ச?" "எனக்கு இதுதான்க்கா வேலை." "நீ கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டறேன்னு தம்பி சொல்லுச்சு, இதுவா? நல்ல வேலைதான். இல்லீன்னா எல்லாரும் வெந்து போயிருப்போம்." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பிள்ளையின் காலை இழுத்து மூடிவிட்டு, எதிர்பார்த்ததுபோலவே கேட்டார். "தம்பி ஊர்ல இல்லயே, தாழ்ப்பாப் போட்டுக்கறயில்ல?" இல்லை என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வாளியில் தண்ணீர் விழுந்தது வந்தது, பன்னிரண்டு நிமிஷம் வந்தது, தேக்குக் கதவு வந்தது, வலிப்பு என்கிற வார்த்தையும் தன் குரலிலேயே வந்துவிட்டது. சொல்லி முடித்து, காலி பண்ணு என்பதற்காகக் காத்திருந்தாள்.

துளசிமணி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அட, இதுக்கா நீ நாற்காலி போட்டுட்டு ஒக்காந்திருக்கற? அந்தத் தாழ்ப்பா என்ற ஊட்டுக்காரர் மாட்டுனது. நாலு ஸ்க்ரூ போடற எடத்துல ரண்ட மாட்டிப்போட்டு, மிச்சத்த நாளைக்குன்னு சொல்லி டீ குடிக்கப் போனவரு, பத்து வருசமா நாளைக்குத்தான். அதென்ன தேக்கா? நானு ஒரு ஒதை உட்டா பேந்துட்டு வந்துரும்." டெல்பினுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு முடியுமுன்னே கேட்டாள். "அப்போ திருடன் உதைச்சா?" "ஒதைக்கட்டுமே! டமார்னு ஊரே எந்திரிக்கறாப்பல சத்தம் வரும். அவனுக்குச் சத்தம் ஆகாது கண்ணு. எனக்குச் சத்தத்துக்கென்ன பயம்? நானு கத்திக்கிட்டேதான் ஒதைப்பேன்." டெல்பின் அவரையே பார்த்தாள். மெதுவாகத் தள்ளிப் பார்க்கிறவனுக்குத் திறக்காது. உதைக்கத் துணிகிறவருக்குத் திறக்கும். அப்படியென்றால் எத்தனை கிலோ என்பதில்லை கேள்வி, யாருடைய இழுப்பு என்பதுதான். "காத்தால ஆறு மணிக்குப் பால் பாக்கெட் எடுக்க எறங்குவ. ஆறேகாலுக்கு நீ எறங்கலீன்னா நானு மேல வந்து ஒதச்சுப் போடறேன். கொழந்த ராத்திரி ரொம்ப நேரம் அழுதாலும் வருவேன். கதவு என்றதுதான, போனாப் போகுது." "அக்கா, நான் சும்மா தூங்கிப் போயிருந்தா?" "அப்ப ஒதச்ச சத்தத்துல எந்திரிச்சுக்குவ, போ."

மேலே வந்து பிள்ளையைக் கிடத்தினாள். இவ்வளவுக்கும் விழிக்கவில்லை, கன்னத்தில் அவள் தோள்பட்டைத் தையல் பதிந்திருந்தது. மேசைக்குப் போய், நின்றபடியே, மூன்றாவதன் பெயரை எழுதினாள், கீழே ஒரு வரி: அசைந்தால் விடாது, இழுத்தால் விடும், அதிர்வில் தேய்மானம் மாதா மாதம் பார்க்கவேண்டும், பயன்படுத்துகிறவர் கையில் எப்போதும் ஒரு மூட்டை இருக்கும் என்று வைத்துக்கொள்க. அடிக்கோடு போடவில்லை. பிறகு போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு கதவருகே குந்தி உட்கார்ந்து தாழ்ப்பாளைப் பார்த்தாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அதை ஒரு பொருளாகப் பார்த்தாள். உண்மைதான், நாலு ஓட்டை, இரண்டு ஸ்க்ரூ, ஒன்று துருப்பிடித்தது. நிலை தேக்கும் இல்லை ஒன்றும் இல்லை, ஏதோ வெள்ளை மரம், நகத்தால் அழுத்தினால் பதிகிறது. எத்தனை கிலோ தாங்கும்? தோளைக் கொடுத்து ஒரு தடவை மெதுவாக அமுக்கிப் பார்த்தாள், கொஞ்சம் முனகியது, நின்றது. நாற்பது இருக்குமா, ஐம்பதா? துளசிமணி அக்காவின் உதை எவ்வளவு இருக்கும்? அவர் எழுபது கிலோவுக்குக் குறையமாட்டார், படியேறி வந்த வேகம் வேறு, கூடவே கத்தல். போதும். வாளியில் தண்ணீர் விழுந்தது. விழட்டும் என்று விட்டாள், அது விழுந்துகொண்டே இருந்தது, விழுந்துகொண்டே இருக்கையில், குளிர்ந்த இரும்பின் குமிழில் கட்டைவிரல் போய் உட்கார்ந்தது. இறுக்கமாக இருந்ததால் முதலில் வரமறுத்தது, மேலும் கீழும் ஆட்டியபோது அசைந்தது, பிறகு அவள் தாழ்ப்பாளைக் கடைசி வரைக்கும் தள்ளிப் போட்டாள்.